நிழல் ஐயாவின் நாற்பது விநாடி

எங்கள் அமைச்சர் ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டார். புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை, பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கொசு கையில் உட்கார்ந்தால் கையை உதறுவார். மறுபடியும் உட்கார்ந்தால் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் நெய்தல் மிதவைக் குடியரசின் பாதுகாப்பு அமைச்சர், மாண்புமிகு அரங்க. வெற்றிச்செழியன். நான் அவருடைய தனிச் செயலாளர், பெயர் தில்லைநாயகி.

அதே மனிதரை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. "செந்தீவான் நம் எல்லைக்குள் விரலை நீட்டினால் கையை வெட்டுவோம்! கையை நீட்டினால் தலையை வெட்டுவோம்! தலையை நீட்டினால்..." என்று போய், அதற்குமேல் வெட்ட ஒன்றும் மிச்சமில்லாததால் நிறுத்துவார். அந்த இடைவெளியைக் கைதட்டல் நிரப்பிவிடும். கூட்டம் முடிந்து காரில் ஏறியதும் என்னைப் பார்த்து, "தில்லை, கொஞ்சம் ஓவராப் போயிடுச்சோ? செந்தீவுத் தூதர் தப்பா நினைச்சுக்கப் போறாரு. ஒரு கிலோ அல்வா அனுப்பிடும்மா" என்பார். நானும் அனுப்புவேன். தூதருக்குச் சர்க்கரை நோய் வந்ததில் எங்கள் வெளியுறவுக் கொள்கைக்கும் பங்கு உண்டு.

செந்தீவுக்கும் எங்களுக்கும் என்ன பகை என்று கேட்டால், மீன்தான். கடல் ஏறிக் கரையை விழுங்கியபின் எங்கள் முன்னோர்கள் மிதவைகளைக் கட்டிக்கொண்டு கடல்மேலேயே குடியேறினார்கள். அவர்களும் அப்படியே. நிலத்தில் வரப்புச் சண்டை போட்டவர்கள் நீரிலும் போட்டோம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ், தின்பது அதே மீன், திட்டுவதும் அதே கெட்ட வார்த்தை.

பிறகு வங்கக் கடல் கூட்டணி வந்தது. முதலில் ஐந்து நாடுகள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்களே என்ற பயத்தில் ஆறாவது சேர்ந்தது, ஆறைப் பார்த்து ஏழாவது. இப்படியே இருபத்திரண்டு வரை போய், கடைசியில் யாரைப் பார்த்துப் பயந்து இத்தனை பேரும் சேர்ந்தோமோ அந்தச் செந்தீவும் இருபத்து மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த எங்கள் ஐயா மேடையில் சொன்னார்: "கை குலுக்கினோம்! குலுக்கிய பிறகு நம் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டோம்!" அன்றைக்கு அல்வா இரண்டு கிலோ.

கூட்டணி பெருத்ததும் சட்டமும் பெருத்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு நாட்டில், தளபதிகள் நாட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அதிபரைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கூட்டணி பதறிப்போனது. உடனே ஒரு விதி: இனி எந்த உறுப்பு நாட்டின் படையும் தானாக முடிவெடுக்கக் கூடாது. சுடுவதானாலும், சுடாமல் விடுவதானாலும், மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரின் ஆணை வேண்டும். ஆணையைத் தளபதி மீறினால் அது ராணுவப் புரட்சி. மற்ற இருபத்திரண்டு நாடுகளும் கப்பல் கப்பலாக வந்திறங்கி மக்களாட்சியை மீட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் மீட்டுக் கொடுத்த ஒரு தீவைப் படத்தில் பார்த்திருக்கிறேன். மக்களாட்சி இருந்தது, மக்களைத்தான் காணோம்.

ஆணை வருவதற்குக் கொடுத்த அவகாசம் நாற்பது விநாடி. அதற்குள் ஆணை முடியாவிட்டால் மட்டும், வேறு வழியில்லாமல், முடிவு களத் தளபதிக்குப் போகும். ஏவுகணைகளின் வேகத்துக்கு அதுவே தாராளம் என்றார்கள். ஒத்திகை வைத்துப் பார்த்தபோது ஓர் அமைச்சர் கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தார். இன்னொருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஐயா மட்டும் போனை எடுத்தார். எடுத்து, "அப்படியா? ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போமே" என்றார்.

ஆகவே ஒவ்வோர் அமைச்சருக்கும் ஒரு பொறி செய்வதென்று கூட்டணி தீர்மானித்தது. அமைச்சரின் பழைய பேச்சையும் எழுத்தையும் தின்று வளர்ந்து, அவர் என்ன ஆணையிடுவாரோ அதையே அவருடைய குரலில் இடும் பொறி. சட்டத்தின் கண்ணுக்கு அந்த நாற்பது விநாடியில் அதுதான் அமைச்சர். ரத்தமும் சதையுமான அமைச்சரை யாராவது மிரட்டிப் பேசவைக்கலாம், பொறியை மிரட்ட முடியாது என்பது அவர்கள் வாதம். அதிகாரப்பூர்வமாக அதற்கு 'குடிமை ஒப்புதல் பொறி' என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் நிழல் ஐயா என்போம்.

அதை வளர்க்க வந்தவர் சாதிக் மரைக்கார் என்ற பொறியாளர். நல்ல மனிதர், சிரிக்கத் தெரியாது. வந்தவுடன் கோப்புகளைக் கேட்டார், அள்ளிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார்.

"மேடம், கோப்புல எல்லாம் ஐயா ஒரே வார்த்தைதான் எழுதியிருக்காரு. 'பேசவும்'."

"சில கோப்புல 'ஆவன செய்க'ன்னும் இருக்குமே?"

"இருக்கு. அதை வெச்சு அவர் மனசுல என்ன நினைச்சாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதானே அப்படி எழுதறது!"

"அப்போ முடிவெல்லாம் எங்கதான் எடுப்பாரு?"

"காபி குடிக்கிறப்போ. ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உக்காரவெச்சு, ரெண்டு பக்கமும் நியாயம்னு சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லி முடிச்சு வெப்பாரு. அதுக்கெல்லாம் பதிவு கிடையாது சார்."

பதிவு இருந்தது மேடைப் பேச்சுக்கு மட்டும்தான். முப்பது வருடத்துப் பேச்சு, கைதட்டலோடு. சாதிக் அதைத்தான் எடுத்துப் போனார். இனி ஐயா எந்த மேடையில் பேசினாலும் அந்தப் பேச்சும் தானாகவே பொறியில் போய்ச் சேர்ந்துகொள்ளும்படி ஏற்பாடும் செய்தார். நான் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன், இது சரியா வருமா என்று. "இதெல்லாம் ஒரு சம்பிரதாயம் தில்லை. யார் சுடப் போறா?" என்றார்.

இனி ஐயா வீட்டுச் சங்கதி. அவருக்கு ஒரே மகள், இளவெயினி. வீட்டில் பாப்பா. கூட்டணிப் பல்கலைக்கழகத்துக்குக் கடல்பாசி படிக்கப் போன பாப்பா, செந்தீவுக்காரன் நவநீதனைக் காதலித்தாள். வந்து சொன்னாள். நாடே எதிர்பார்த்திருக்கும், ஐயா வாளை உருவுவார் என்று. அவர் ஐந்து நிமிடம் அழுதார், பிறகு "பையன் நல்லா சாப்பிடுவானா?" என்று கேட்டார். கல்யாணம் செந்தீவில் சத்தமில்லாமல் நடந்தது. வெளியே சொல்ல மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை. "தேர்தல் முடியட்டும்" என்றார். அந்தத் தேர்தல் முடிந்து அடுத்த தேர்தலும் நெருங்கிவிட்டது. அதற்குள் பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்" என்றார் ஐயாவின் மனைவி செண்பகம் அம்மா. அதற்கு மேல்முறையீடு கிடையாது. செந்தீவில் வளைகாப்பு முடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ராகு காலம் தொடங்குவதற்குள் படகேற்றிவிடுவதென்று ஏற்பாடு. மேடையில் பகுத்தறிவு பேசும் ஐயா இதில் வாயே திறக்கவில்லை. அவர் சேர்த்த நிபந்தனை ஒன்றே ஒன்று: படகைப் பதிவு செய்யக் கூடாது. பதிவு செய்தால் பயணிகள் பெயரைத் திறந்த அலைவரிசையில் வாசிப்பார்கள், ஊரே கேட்கும். படகின் அடையாளப் பெட்டியை அணைத்துவிட்டு நேரே அமைச்சர் மாளிகையின் சொந்தத் துறைக்கு வந்துவிட வேண்டும், கைபேசிகளையும் அணைத்துவிட வேண்டும் என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் போட்ட ஒரே ராணுவத் திட்டம் இதுதான்.

அன்று காலை என்னைக் கடற்படைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார். "பெர்னதெத்கிட்ட பக்குவமாச் சொல்லிடு. ஒரு படகு வரும், கண்டுக்க வேணாம்னு. நான் துறையில நிக்கறேன். செண்பகம் ஆரத்தி கரைச்சிட்டா."

தளபதி பெர்னதெத் ரொட்ரிகோ எங்கள் கடற்படையின் தலைவி. எட்டுக் கப்பலும் இருநூறு பேரும் கொண்ட படைக்குத் தலைவி என்றாலும் தலைவிதானே. சொன்னதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மேடம், இதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"என்ன ஆச்சு? முன்னாடியெல்லாம் இந்த மாதிரிப் படகு வந்ததில்லையா?"

"வாராவாரம் வரும். இங்க பொண்ணு, அங்க மாப்பிள்ளை. அங்க அம்மா, இங்க மகன். ஊர்ல பாதிப் பேருக்குச் செந்தீவுல சொந்தம் இருக்கு, எல்லாரும் ஒளிச்சுத்தான் வெச்சிருக்காங்க. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். போன மாசம் கூட்டணிக்காரங்க புது ராடார் வெச்சதுலேர்ந்து இருபத்து மூணு நாடும் இதே திரையைத்தான் பாக்குது. நான் எங்கன்னு திரும்பறது?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாதிக் தொண்டையைச் செருமினார். "பதிவில்லாத படகு, அடையாளம் இல்ல, நேரா அமைச்சர் வீட்டை நோக்கி வருது. ராடார் இதைக் கொலைமுயற்சின்னுதான் எடுத்துக்கும்."

"எடுத்துக்கிட்டு?"

"நிழல் ஐயாகிட்ட ஆணை கேக்கும்."

முப்பது வருடப் பேச்சும் எனக்கு மனப்பாடம். பாப்பாவின் எண்ணுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. மருமகனுடையதும். ஐயாவின் பேச்சை அவர்கள் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருந்தார்கள். ஐயாவுக்கு அடித்து விஷயத்தைச் சொன்னேன். "பெர்னதெத்கிட்ட போனைக் குடும்மா, நான் அமைச்சர்... நான் சொல்றேன், சுட வேணாம்னு சொல்றேன்..."

தளபதி போனை வாங்கவில்லை. "சட்டப்படி மணி அடிச்சதும் அவர் அமைச்சர் இல்ல மேடம், அந்தப் பொறிதான். அவரோட பேச்சைக் கேட்டு நான் சும்மா இருந்தாலும் அது புரட்சிதான். நாளைக்கு இருபத்திரண்டு நாட்டுக் கப்பலும் இங்க நிக்கும். இந்த ஊர்ல இருக்கறது தொண்ணூறாயிரம் பேர்."

"அப்போ சுடுவீங்களா?"

"இருபத்தெட்டு வருஷமா அமைச்சர் சொன்னதை மீறினதில்ல. எந்த அமைச்சர்னு யோசிக்க வேண்டியும் வந்ததில்ல." அவர் கை கழுத்திலிருந்த சிலுவைக்குப் போனதைப் பார்த்தேன்.

அப்போதுதான் மணி அடித்தது. திரையில் ஒரு புள்ளி, நெய்தல் எல்லைக்குள். அதன் கீழே நாற்பது என்ற எண் தோன்றி, இறங்கத் தொடங்கியது. சுவரிலிருந்த ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டது. ஐயா மேடையில் கனைப்பாரே, அதே கனைப்பு.

"வங்கக் கடலின் விடிவெள்ளியாம், கூட்டணியின் தலைமைச் செயலாளர் அவர்களே!" என்று தொடங்கியது நிழல் ஐயா.

எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

"முத்து விளையும் பவழமேட்டின் முதுபெரும் தலைவர் அவர்களே! உப்பையும் உழைப்பையும் உலகுக்குத் தரும் சங்குத்துறைக் குடியரசின் மாண்புமிகு அமைச்சர் அவர்களே! என்றும் என் அன்புக்குரிய, எதிரிகளும் மதிக்கும் காயல்நாட்டின் கடல்வேந்தர் அவர்களே!"

சாதிக் எழுந்து நின்றுவிட்டார். "என்ன பண்ணுது இது? ஆணையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வந்திருக்கறவங்களை விளிக்காம எப்படி சார் பேசறது?" என்றேன். எனக்கே அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. ஐயா முப்பது வருடத்தில் ஒரு கூட்டத்திலும் யார் பெயரையும் விட்டதில்லை. வட்டச் செயலாளர் பெயரை விட்டால்கூட அவர் மறுநாள் கட்சி மாறிவிடுவார் என்று பயம். ஆணை என்றால் பேச்சு, பேச்சென்றால் விளி. நிழல் ஐயா அப்படித்தான் கற்றிருந்தது. இந்த ஆணையை இருபத்து மூன்று நாடுகளும் கேட்கின்றன. ஆக, மேடையில் இருபத்து மூன்று விருந்தினர்கள்.

"ஒத்திகையில சரியாத்தானே வந்துச்சு!" என்றார் சாதிக்.

"அப்ப கேட்டுக்கிட்டிருந்தது அஞ்சு நாடுதான் சார்" என்றார் தளபதி. அவர் கண் எண்ணின்மேலேயே இருந்தது.

எண் பத்துக்கு வந்தபோது நிழல் ஐயா வடமிதவையின் வீரத் திருமகனை வாழ்த்திக்கொண்டிருந்தது. ஐந்துக்கு வந்தபோது, "நேற்றுவரை கடலில் ஒரு துளி, இன்று கூட்டணியில் ஓர் அலை என எழுந்திருக்கும்..." என்று ஏதோ ஒரு குட்டித் தீவைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது. அது எந்தத் தீவென்று தெரிவதற்குள் எண் தீர்ந்தது. திரையில் எழுத்து வந்தது: 'ஆணை முழுமையடையவில்லை. முடிவு களத் தளபதிக்கு.'

"ரோந்துப் படகை அனுப்பு" என்றார் பெர்னதெத், காத்திருந்த மாலுமியிடம். "பக்கத்துல போய் யாருன்னு பாரு. மெதுவாப் போ, அலை அடிக்காம. உள்ள மாசமாயிருக்கற பொண்ணு."

நிழல் ஐயா நிறுத்தவில்லை. கேட்க ஆளில்லாவிட்டாலும் இருபத்து மூன்று பேரையும் விளித்து முடித்து, "ஊடுருவியவனைச் சுட்டுப் பொசுக்குங்கள்! சாம்பலைக்கூடக் கரை ஒதுங்க விடாதீர்கள்!" என்று முழங்கி ஓய்ந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பதிவில் கைதட்டலும் இருந்ததால் அதையும் தானே தட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் நான் உட்கார்ந்து அழுதேன்.

பாப்பா வீடு வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் நாள் ஆண் குழந்தை. சாதிக் தன் கடமையை மறக்கவில்லை, பொறியில் கோளாறு என்று கூட்டணித் தலைமைக்கு எழுதிப்போட்டார். அங்கே கூடிப் பேசினார்கள். விளிகளைக் குறைக்க வேண்டும் என்பதில் இருபத்து மூன்று நாடுகளுக்கும் முழு உடன்பாடு. யாருடைய விளியை என்பதில்தான் சிக்கல். தன்னுடையதைத் தவிர மற்றவற்றை எடுத்துவிடலாம் என்று எல்லோரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு குழு அமைத்தார்கள். "அந்தக் கமிட்டி நீடூழி வாழணும். வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கேன்" என்றார் பெர்னதெத்.

ஆனால் எங்கள் ஊர் எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அமைச்சர் வீட்டுத் துறைக்கு மர்மப் படகு, யார் அந்தப் பயணி, சிங்கம் ஏன் பூனையானது என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். தேர்தலுக்கு இன்னும் மூன்று மாதம்தான். கட்சி கூடி, ஐயா விளக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. மத்திய மிதவைத் திடலில் பொதுக்கூட்டம் ஏற்பாடானது.

நான் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, உண்மையைச் சொல்லிடுங்களேன். என் பொண்ணு பிரசவத்துக்கு வந்தான்னு. இதுல என்ன தப்பு?"

"தப்பில்ல தில்லை. எனக்கு அப்படிப் பேசத் தெரியல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

கூட்டத்தன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேடையில் கூட்டணி நாட்டுப் பிரதிநிதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திடலில் ஆயிரக்கணக்கானோர், சிலர் அதற்குள் குடையை விரித்துவிட்டார்கள். ஐயா மைக்கைப் பிடித்தார், வானத்தைப் பார்த்தார், கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தார். "மழை வரும்போல் இருக்கிறது. நேரமின்மை காரணமாக, மேடையில் இருக்கும் அனைவரையும் விளித்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றார். அவர் வாழ்க்கையில் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் குடையோடு நின்ற நான்கூட, சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

பிறகு கர்ஜித்தார். "சிங்கம் பூனையானதா என்று கேட்கிறார்கள். சொல்கிறேன், கேளுங்கள்! பதிவில்லாத படகில் பெற்ற மகளே வந்தாலும், அவள் மடியில் என் பேரனே இருந்தாலும், சுடு என்றுதான் சொல்வான் இந்த வெற்றிச்செழியன்!" திடல் அதிர்ந்தது. மழையும் வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். பாப்பா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐயா வாசலிலேயே நின்றார்.

"நல்லா இருந்துச்சுப்பா பேச்சு" என்றாள்.

"அது மேடைம்மா. அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ப்பா. அந்தப் பொறிக்குத் தெரியுமா?"

செண்பகம் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று ஐயாவுக்கு வீட்டில் யாரும் சோறு போடவில்லை.

மறுநாள் சாதிக் போன் செய்தார். அந்த மனிதரின் குரலில் முதல் தடவையாகப் பயத்தைக் கேட்டேன். "மேடம், நேத்துப் பேச்சை நிழல் ஐயா கத்துக்கிச்சு. சோதிச்சுப் பாத்தேன். 'அனைவரையும் விளித்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள், சுடு.' நாலே விநாடி. தலைமையில ரொம்பச் சந்தோஷம், கோளாறு தானாவே சரியாயிடுச்சுன்னு கமிட்டியைக் கலைச்சுட்டாங்க."

அன்றோடு, அடையாளத்தை அணைத்துவிட்டு வரும் இருட்டுப் படகுகள் நின்றன. தளபதி தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தானே போய், பதிவில்லாமல் கிளம்பாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார்கள். ஊரறியப் பெயரைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

மூன்றாம் மாதம் பாப்பா கணவன் வீடு திரும்ப வேண்டும். செந்தீவிலேயே இருந்துவிட்ட நவநீதன் இன்னும் குழந்தையின் முகத்தை நேரில் பார்க்கவில்லை.

"தேர்தல் வரைக்கும் இங்கேயே இரும்மா" என்றார் ஐயா.

"எந்தத் தேர்தல்ப்பா?"

ஐயா குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் பதிவு பண்ணிக்கிட்டே போறேன். பதிவு பண்ணின படகை யாரும் நிறுத்தப் போறதில்ல. பொறிகிட்ட ஆணையும் கேக்க மாட்டாங்க. பேரை வாசிப்பாங்க, அவ்வளவுதானே? வாசிக்கட்டும். எம் பேரு, எம் புருஷன் பேரு, எங்கப்பன் பேரு. இதுல எது திருட்டுப் பேரு?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா..."

"உங்க கௌரவத்துக்காக ஒரு தடவை ஒளிஞ்சு வந்தேன்ப்பா. எம் புள்ளையை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை மாட்டேன்."

பதிவு செய்தாள். திறந்த அலைவரிசையில் பெயர் வாசிக்கப்பட்டது: இளவெயினி, நெய்தல் மிதவை வெற்றிச்செழியனின் மகள், செந்தீவு நவநீதனின் மனைவி, கைக்குழந்தையுடன். ஊர் ஒருநாள் வாயடைத்துப் போயிருந்தது. மறுநாள் எங்கள் கட்சிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள்: 'பகைவர் மண்ணுக்குப் பெற்ற மகளையே ஈந்த தியாகச் சிங்கம்!' ஐயா எதைக் கண்டு இத்தனை வருடம் பயந்தாரோ அதுவே அவருக்குப் பத்தாயிரம் ஓட்டைச் சேர்த்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தியாகச் சிங்கம் படகுத் துறையில் நின்று கண்கலங்கக் கூடாது என்று கட்சி சொல்லிவிட்டது. பாப்பாவும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே படகேறிவிட்டாள். ஐயா என்னோடு பின்வாசல் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். கரை வேட்டி இல்லை, துண்டு இல்லை. வீட்டில் கட்டும் கைலியும் பனியனும்தான்.

"படகுக்கு ஒரு வார்த்தை பேசணும் பெர்னதெத். ஒரே ஒரு வார்த்தை."

தளபதி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மைக்கைத் திருப்பி வைத்து, படகின் அலைவரிசையைத் திறந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பாப்பாவின் படகு வெயிலில் போய்க்கொண்டிருந்தது.

ஐயா கனைக்கவில்லை. மேடையில் வராத ஒரு சின்னக் குரலில் ஆரம்பித்தார். "பாப்பா... அப்பா பேசறேன்டா. கோவமா இருப்பே. இரு. அப்பா செஞ்சது தப்பு..."

திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'பதிவில் இல்லாத நபர் நட்பு நாட்டுப் படகுடன் தொடர்பு. ஆணை?'

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாதிக்கைப் பார்த்தேன். "ஐயா குரல்தானே சார்?" என்று கிசுகிசுத்தேன்.

"குரல் அவரோடதுதான் மேடம். ஆனா முப்பது வருஷப் பதிவுல அவர் ஒருதடவைகூட இப்படிப் பேசினதில்ல. யாரோ அவர் மாதிரி நடிக்கறாங்கன்னு நினைக்குது."

ஒலிபெருக்கியைத் தளபதி எட்டிக் குறைத்தார். இருந்தும் எங்கள் மூவருக்கும் கேட்டது. அனைவரையும் விளித்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள், வஞ்சகக் குரலைத் துண்டியுங்கள். அமைச்சரின் ஆணை, நான்கு விநாடி. பெர்னதெத் என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று நாடுகளும் பார்த்துக்கொண்டிருந்தன. கையை நீட்டி அலைவரிசையை மூடினார். மைக்கின் சின்ன விளக்கு அணைந்தது.

ஐயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. "...தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடும்மா. புள்ளைக்குச் சளி பிடிக்கும், காத்துல காட்டாதே. மாப்பிள்ளை கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு. அடுத்த மாசம் நானே வர்றேன், பேரைப் பதிஞ்சுக்கிட்டு, எல்லாருக்கும் தெரியற மாதிரி வர்றேன்..."

நிறையப் பேசினார். தளபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பேசி முடித்ததும் ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பதிலே பேச மாட்டேங்கறா தில்லை. இன்னும் கோவம் போல."

"ஆமாங்கய்யா" என்றேன்.